லா பாஸுக்குப் போனால் சிட்டி டூர் வேண்டாம், டெலிஃபெரிக்கோவில் ஏறுங்கள்

பொலிவியாவின் லா பாஸ் நகரத்தில் நானும் மனைவியும் பதினோரு நாள் தங்கியிருந்தோம். முதல் நாளை ஒரு சிட்டி டூருக்குக் கொடுத்தோம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், அங்கே அந்த மாதிரி நிறைய இருக்கின்றன. அரை நாள் வேனில் உட்கார்ந்திருந்ததில் பாதி நேரம் ப்ராடோ என்ற பிரதான சாலையின் நெரிசலிலேயே போனது. வழிகாட்டி ஆண்டுகளை வரிசையாக ஒப்பித்துக்கொண்டே வந்தார், சரிவில் ஓரிடத்தில் இருபது நிமிடம் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார், மேலே விளிம்பில் இருக்கும் எல் ஆல்டோ நகரத்துக்குப் போவோமா என்று கேட்டதற்கு அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, பாதுகாப்பும் கிடையாது என்று பேச்சை முடித்துவிட்டார். அன்று ராத்திரி தலைவலியோடு (3,600 மீட்டர் உயரத்தில் முதல் நாள் பெரும்பாலோருக்கு வருவதுதான், அங்கே அதை சொரோச்சே என்கிறார்கள்) கோக்கா இலைத் தேநீரைக் குடித்துக்கொண்டு யோசித்தபோது, ஊரைச் சுற்றிவிட்டு வந்தும் ஊர் எந்தப் பக்கம் ஆரம்பித்து எந்தப் பக்கம் முடிகிறது என்பதுகூடப் பிடிபடவில்லை.

மறுநாள் காலை மி டெலிஃபெரிக்கோவில் ஏறினோம். ‘என் கேபிள் கார்’ என்று அர்த்தம், அரசு நடத்தும் நகரப் போக்குவரத்து. அப்புறம் மீதி நாள் முழுக்க அதில்தான் சுற்றினோம், சில நாள் மூன்று நான்கு முறை. எனக்கு இந்த நகரத்தைப் புரியவைத்தது அதுதான். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது சுற்றுலாக்காரர்களுக்காகக் கட்டியது இல்லை. வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், சந்தை மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வரும் அம்மாக்கள், இவர்கள் தினமும் போகும் வண்டி. அதனால்தான் இவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கட்டண விவரம் சுருக்கமாக. நாங்கள் போனபோது ஒரு பயணம் 3 பொலிவியானோ. கார்டு வாங்கி வைத்துக்கொண்டால் ஒரு தடத்தில் இறங்கி அடுத்த தடத்தில் ஏறும்போது 2 பொலிவியானோதான் கழியும். முதியவர்களுக்கும் மாணவர்களுக்கும் பாதிக் கட்டணம். ஒரு பெட்டியில் எதிரெதிராகப் பத்துப் பேர் உட்காரலாம், நெரிசல் நேரத்தில் 12 விநாடிக்கு ஒரு பெட்டி வந்துகொண்டே இருக்கும், அதனால் நீளமான வரிசையைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம், மளமளவென்று கரைந்துவிடும். சிவப்புத் தடம் 2014 மே 30 அன்று திறந்தது. அதே ஆண்டில் மஞ்சளும் பச்சையும் வந்தன, மூன்றும் பொலிவியக் கொடியின் நிறங்கள். 2019 மார்ச்சில் வெள்ளி நிறத் தடம் சேர்ந்தபோது மொத்தம் 10 தடங்கள், 30 கிலோமீட்டருக்கு மேல். கட்டிக்கொடுத்தது ஆஸ்திரியாவின் டாப்பல்மாயர், பனிச்சறுக்கு மலைகளில் கம்பிவண்டி போட்டுப் பழகிய நிறுவனம்.

ஏன் மெட்ரோ போடாமல் வானத்தில் கம்பி கட்டினார்கள் என்பதற்கு ஒருமுறை மேலே போய் வந்தாலே பதில் கிடைத்துவிடும். ஊர் ஒரு பெரிய கிண்ணம் மாதிரி. இல்லை, கிண்ணம் என்பதும் சரியில்லை, ஒரு பக்கம் உடைந்து தெற்கே திறந்துகொண்ட கிண்ணம். அடிப்பகுதியில் பழைய நகரம், மேல் விளிம்பில் சுமார் 4,100 மீட்டரில் எல் ஆல்டோ என்கிற இன்னொரு நகரம், நடுவில் சுவர் மாதிரி நிற்கும் சரிவு முழுக்க பூசாத செங்கல் வீடுகள். அந்தச் சரிவின் மண் களிமண்ணும் சரளையும் கலந்தது, அதற்குள் நூற்றுக்கணக்கான சிற்றாறுகள் ஓடுகின்றன. இதில் எந்த மகராசன் சுரங்கம் தோண்டுவான்?

சிவப்புத் தடத்திலிருந்து ஆரம்பியுங்கள். அதன் கீழ் நிலையம் பழைய ரயில் நிலைய வளாகத்தில் இருக்கிறது, ரயில் நின்று பல காலம் ஆகிவிட்டது. நிலையப் பெயர்கள் ஸ்பானிய மொழியோடு, இந்தப் பகுதிப் பூர்வகுடிகளின் மொழியான அய்மாராவிலும் எழுதியிருக்கும், அவற்றை வாசிக்காமல் கடந்து போகாதீர்கள். இதற்குப் பெயர் தாய்ப்பி உத்தா, நடுவீடு. அடுத்தது கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில், அதன் பெயர் அஹாயுனி, அஹாயு என்றால் ஆன்மா. மேல் முனை ஹச்சா கத்து, பெரிய சந்தை.

பெட்டியில் ஏறும்போது எல்லோரும் ‘புவேனோஸ் தியாஸ்’ சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறார்கள், இறங்கும்போதும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறார்கள். முதல் நாள் நாங்கள் சும்மா ஏறி உட்கார்ந்தோம், இரண்டாம் நாளிலிருந்து நாங்களும் சொன்னோம், அப்புறம் பேச்சுக் கொடுப்பது சுலபமாகிவிட்டது. கதவு மூடியதும் சத்தம் நின்றுவிடுகிறது. கீழே மினிபஸ்களின் ஹார்ன், ஜன்னலில் தலையை நீட்டிப் போகும் இடத்தின் பெயரைக் கூவும் பையன்கள், எல்லாம் யாரோ ஒலியைக் குறைத்தது போல மங்கிப் போகும். தூணைக் கடக்கும்போது மட்டும் தலைக்குமேல் கடகடவென்று ஓர் உருளைச் சத்தம், பெட்டி லேசாக ஆடும், மறுபடி அமைதி.

கல்லறைத் தோட்டத்துக்கு நேர்மேலே போகும்போது என் மனைவி முழங்கையால் இடித்துக் காட்டினாள். மாடி வீடுகள் போல அடுக்கடுக்காகக் கட்டிய சுவர்கள், ஒவ்வொன்றிலும் தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன மாடங்கள். மறுநாள் இறங்கி உள்ளே போய்ப் பார்த்தோம். ஒவ்வொரு மாடத்துக்கும் முன்னால் கண்ணாடிக் கதவு, அதற்குள் பூ, போட்டோ, அதோடு இறந்தவருக்குப் பிடித்த சாமான்கள் விரல் அளவில்: குட்டி பீர் பாட்டில், குட்டி ரொட்டி, ஒரு மாடத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பந்து. உயரத்தில் இருக்கும் மாடத்துக்கு ஏணி வைத்து ஏறி ஒரு பெரியவர் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்துக் கதவைச் சாத்துமுன் உள்ளே கையை விட்டு அந்தக் குட்டிக் கோப்பையைக் கொஞ்சம் நேராக்கி வைத்தார். அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்த பிறகும் ரொம்ப நேரம் நாங்கள் இருவரும் பேசவில்லை.

சிவப்புத் தடம் 2.4 கிலோமீட்டர்தான், பத்து நிமிடம், ஏற்றம் சுமார் 400 மீட்டர். கடைசிப் பகுதியில் செங்குத்தான மண்சுவர் முகத்துக்கு நேரே வருகிறது. மோதப் போகிறோம் என்று தோன்றும் நேரத்தில் பெட்டி விளிம்பைத் தாண்டும், சட்டென்று பூமி தட்டையாகிவிடும். இவ்வளவு நேரம் மலையேறினோம், மேலே மலையுச்சியே இல்லை! கண்ணுக்கு எட்டிய தூரம் சமவெளி. அதுதான் ஆல்டிப்ளானோ, ஆண்டீஸ் மலைத்தொடர்களுக்கு நடுவில் கிடக்கும் உயர் பீடபூமி. அதன் வடகிழக்கு ஓரத்தில் ஹுவாய்னா பொத்தோசி, 6,088 மீட்டர், வெள்ளையாக நிற்கிறது.

இந்த நகரத்தின் புவியியல் எல்லாமே அந்த விளிம்பில்தான் இருக்கிறது. பழங்காலத்தில் இந்தப் பீடபூமியில் பெரிய ஏரிகள் இருந்தன. அவற்றின் வண்டல், பனியாறுகள் கொண்டுவந்து கொட்டிய சரளை, எரிமலைச் சாம்பல், எல்லாம் அடுக்கடுக்காகப் படிந்து இறுகியது. கிழக்கே அமேசான் பக்கமிருந்து ஓர் ஆறு பின்னோக்கி அரித்து அரித்து, மலைத்தொடரையே அறுத்துக்கொண்டு உள்ளே வந்து இந்த மெத்தென்ற அடுக்கைக் குடைந்தது. அப்படிக் குடைந்த பள்ளத்தில்தான் லா பாஸ் உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஏறக்குறைய இந்த விளிம்புதான் நீர் பிரியும் கோடு. எல் ஆல்டோவின் மேற்கே பெய்யும் மழை டிட்டிகாக்கா ஏரிப் பக்கம் போகிறது, அந்தத் தண்ணீர் எந்தக் கடலையும் சேர்வதில்லை. இந்தப் பக்கம் பள்ளத்தில் விழும் மழை சோக்கேயாப்பு ஆற்றில் இறங்கி, இல்லிமானி மலைக்குத் தெற்கே மலையைப் பிளந்துகொண்டு போய், பெனி, மதேரா ஆறுகள் வழியாக அமேசானில் சேர்ந்து, கடைசியில் அட்லாண்டிக் கடலுக்குப் போகிறது. பெட்டிக்குள் உட்கார்ந்தபடி அந்தக் கோட்டைத் தாண்டுகிறோம் என்று தெரிந்ததும், சிவப்புத் தடத்தில் நான் ஒவ்வொரு முறையும் அந்த இடத்துக்காகக் காத்திருந்தேன்.

மேலே வியாழனும் ஞாயிறும் பிரமாண்டமான சந்தை கூடுகிறது, ஜூலை 16 சந்தை என்று பெயர். பழைய துணி, கார் உதிரிப் பாகம், கதவு, ஜன்னல், நாய்க்குட்டி, எல்லாம் கிடைக்கும். ஊதா நிறச் சோளத்தில் காய்ச்சிய சூடான ஆப்பி, கூடவே எண்ணெயில் உப்பிவரும் பாஸ்டல், அந்தக் குளிருக்கு அமிர்தம். கடைக்கார அம்மா என் மனைவியை ‘கசேரிட்டா’ என்று கூப்பிட்டார். வாடிக்கையாக வந்து போகிறவரை அப்படித்தான் அழைப்பார்களாம், வாங்குகிறவரும் விற்கிறவரை அதே சொல்லால்தான் அழைப்பாராம். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை என்று சொன்ன வழிகாட்டியை நினைத்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. 2012 கணக்கெடுப்பிலேயே எல் ஆல்டோவின் மக்கள்தொகை லா பாஸைத் தாண்டி எட்டரை லட்சத்தை நெருங்கிவிட்டது. 1985 வரை லா பாஸின் ஓரப் பகுதியாக இருந்து பிறகு தனி நிர்வாகமானது. பீடபூமிக் கிராமங்களிலிருந்தும் மூடப்பட்ட சுரங்கங்களிலிருந்தும் வந்த அய்மாரா மக்கள் கட்டிய ஊர். இன்று அங்கே ஃப்ரெடி மமானி என்ற கட்டடக் கலைஞர் தொடங்கிவைத்த பாணியில் பச்சை, ஆரஞ்சு, ஊதா என்று அடித்த பல மாடிக் கட்டடங்கள் எழுகின்றன, சோலெட் என்கிறார்கள். கீழே கடை, நடுவில் கண்ணைப் பறிக்கும் விழா மண்டபம், உச்சியில் சொந்தக்காரர் வீடு. வெள்ளி நிறத் தடம் விளிம்பை ஒட்டியே ஓடுவதால் அவற்றில் சிலவற்றை மேலிருந்தே பார்க்கலாம்.

விளிம்பில் நின்று கீழே பார்த்தால் நகரத்தின் வரலாறும் விளங்கிவிடுகிறது. பள்ளத்தில் இருப்பவர்களுக்கு வேண்டிய எல்லாம் மேலிருந்துதான் இறங்க வேண்டும், உணவு, எரிபொருள், சாலை எல்லாம். மேலே இருப்பவர்கள் நினைத்தால் வாசலை மூடிவிடலாம். பல முறை மூடியிருக்கிறார்கள், அவற்றில் இரண்டு இந்த ஊரின் தலையெழுத்தை மாற்றின.

முதலாவது 1781. டுப்பாக் கட்டாரி என்று பெயர் சூட்டிக்கொண்ட ஹூலியான் அப்பாசாவும், அவர் மனைவி பர்த்தோலினா சீசாவும் பல்லாயிரக்கணக்கான அய்மாரா மக்களோடு விளிம்பில் முகாமிட்டு ஸ்பானியர்களின் நகரத்தை முற்றுகையிட்டார்கள். மார்ச்சில் ஆரம்பித்தது, நடுவில் ஒருமுறை உடைந்து மறுபடி தொடர்ந்தது, இரண்டையும் சேர்த்தால் ஆறு மாதம். உள்ளே இருந்தவர்கள் கழுதையைத் தின்றார்கள், நாயைத் தின்றார்கள், கடைசியில் தோலை வேகவைத்துத் தின்றார்கள். மேலே ஆற்றைத் தேக்கி நகரத்தின்மேல் வெள்ளத்தை விடவும் முயற்சி நடந்தது. வெளியிலிருந்து ஸ்பானியப் படை வந்து முற்றுகையை உடைத்தது. கட்டாரியை நவம்பர் 15 அன்று பேனியாஸ் என்ற ஊரில் நான்கு குதிரைகளில் கட்டி இழுத்துக் கொன்றார்கள். பர்த்தோலினாவை அடுத்த ஆண்டு செப்டம்பர் 5 அன்று லா பாஸில் கொன்றார்கள். ‘நான் திரும்பி வருவேன், லட்சக்கணக்கானவர்களாக வருவேன்’ என்று கட்டாரி சொன்னதாக இன்றும் அங்கே சுவரெல்லாம் எழுதிவைத்திருக்கிறார்கள்.

முற்றுகையிலிருந்து பிறந்த ஒரு கதையும் இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. உள்ளே ஒரு ஸ்பானிய வீட்டில் வேலை செய்த அய்மாராப் பெண்ணுக்கு, முற்றுகைப் படையில் இருந்த அவள் காதலன் யாருக்கும் தெரியாமல் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தானாம், அவள் அதை எஜமானர்களுக்கும் பகிர்ந்தாளாம். எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, வீட்டில் இருந்த எக்கேக்கோ பொம்மை கொடுத்தது என்றாளாம். எக்கேக்கோ செழிப்பின் தெய்வம், உடம்பு முழுக்க மூட்டை கட்டிச் சிரித்துக்கொண்டு நிற்கும் குள்ள உருவம். ஒவ்வொரு ஜனவரி 24 அன்றும் அலசிட்டாஸ் திருவிழாவில் அவருக்காக மக்கள் குட்டி வீடு, குட்டி கார், குட்டி பணக்கட்டு எல்லாம் வாங்கி, நண்பகலுக்கு மந்திரிக்கிறார்கள், அந்த ஆண்டு நிஜத்தில் கிடைக்கும் என்று நம்பிக்கை. 2017-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் அது சேர்ந்தது. கல்லறை மாடத்தில் பார்த்த குட்டிச் சாமான்களும் இந்தக் குட்டிச் சாமான்களும் ஒரே ஊரின் பழக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது, வேண்டியதைச் சின்னதாகச் செய்து கையில் கொடுத்துவிடுவது.

இரண்டாவது 2003 அக்டோபர். இயற்கை எரிவாயுவை வெளிநாட்டுக்கு விற்பதை எதிர்த்து எல் ஆல்டோ மக்கள் சாலைகளை மறித்தார்கள், கீழே எரிபொருள் தீர்ந்தது. எரிபொருள் லாரிகளை ராணுவக் காவலோடு இறக்கப்போய்த் துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தக் கிளர்ச்சியில் 60 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள், அக்டோபர் 17 அன்று ஜனாதிபதி கொன்சாலோ சான்செஸ் டி லொசாடா பதவியை விட்டு நாட்டை விட்டே போனார். ஒரு மாலை எங்கள் பெட்டியில், பாவாடை மடிப்புகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பௌலர் தொப்பியோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, எங்கள் அரைகுறை ஸ்பானிய மொழியைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கீழே நெடுஞ்சாலையைக் காட்டி அந்த அக்டோபரில் அதில் நடந்தே இறங்கியதாகச் சொன்னார். முன்பெல்லாம் வேலைக்கு மினிபஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், இப்போது கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடுகிறது என்றார். விளிம்புக்கும் பள்ளத்துக்கும் நடுவில் அதுவரை இருந்த சாலையைத் தவிர, இரண்டு பக்கத்துக்காரர்களும் முட்டி மோதாமல் முகம் பார்த்து உட்காரும் ஓர் இடம் 2014 வரை கிடையாது. நான் இந்தச் சேவைக்கு முழு மதிப்பெண் கொடுப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

அடுத்து மஞ்சள் தடம். கானா பாட்டா நிலையத்தில் ஏறிக் கீழே இறங்குங்கள், கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர். எனக்குப் பத்துத் தடங்களில் இதுதான் முதலிடம். எதிரே இல்லிமானி, 6,438 மீட்டர், மூன்று கூம்பும் பனியோடு. பக்கத்தில் தட்டையான தலையோடு முருராத்தா. அந்தத் தலை ஏன் தட்டை என்பதற்கு, சண்டையில் வெட்டுப்பட்டது என்று ஒரு பழங்கதை. கீழே பாருங்கள், மழை அரித்த மண் கோபுரங்கள், கத்தி முனை மாதிரி வரப்புகள், அவற்றின் விளிம்பு வரைக்கும் வீடு. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த மண் நகரும். 2011 பிப்ரவரியில் நகரின் கிழக்குச் சரிவில் கயாப்பா, குப்பினி பகுதிகளில் ஒரு மலைச்சரிவே மெதுவாக இறங்கி நூற்றுக்கணக்கான வீடுகளை விழுங்கியது. மெதுவாக வந்ததால் மக்கள் தப்பி வெளியேற முடிந்தது. 2002 பிப்ரவரி 19 அன்று அப்படி நேரம் கிடைக்கவில்லை, ஒரு மதிய ஆலங்கட்டி மழையில் தெருக்கள் ஆறாகி சுமார் 70 பேர் இறந்தார்கள்.

மஞ்சள் முடியும் இடத்தில் பச்சை ஆரம்பிக்கிறது, அப்படியே ஏறி இர்பாவி வரை போய்விடுங்கள். எல் ஆல்டோவில் ஸ்வெட்டருக்குமேல் ஜாக்கெட் போட்டிருந்தோம், இர்பாவியில் இரண்டையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டோம். எல் ஆல்டோவிலிருந்து வெள்ளி, மஞ்சள், பச்சை என்று மாறி மாறி வந்ததில் 800 மீட்டருக்கு மேல் இறங்கியிருக்கிறோம். மூச்சு வாங்குவதும் குறைந்துவிட்டது. வேறு பல ஊர்களில் பணக்காரர்கள் குன்றின்மேல் வீடு கட்டுவார்கள், இங்கே நேர்மாறு. கீழே போகப் போகக் காற்றும் வெயிலும் இதமாகின்றன, வீட்டுக்குத் தோட்டமும் மதிலும் முளைக்கின்றன, கார்கள் பெரிதாகின்றன. பச்சைத் தடத்தில் நீச்சல் குளத்துக்கு மேலேயே போகிறோம். பணம் ஆக்சிஜனைத் தேடி இறங்கியிருக்கிறது. சிட்டி டூரில் இதெல்லாம் தெரியவே தெரியாது, ஏனென்றால் வேன் ஒரு மட்டத்திலேயே சுற்றும்.

பழைய நகரத்துக்கு ஆரஞ்சும் வான்நீலமும் உதவும், ஆனால் அங்கே நடப்பதுதான் உத்தமம். ஊர் உண்டான கதையை வேனில் கேட்டபோது ஒன்றும் ஒட்டவில்லை, தெருவில் நின்றபோது ஒட்டியது. 1548 அக்டோபர் 20 அன்று அலோன்சோ டி மெண்டோசா ஊரை நிறுவியது இந்தப் பள்ளத்தில் இல்லை, மேலே பீடபூமியில் லாஹா என்ற இடத்தில். அங்கே காற்றும் குளிரும் தாங்கவில்லை, சில நாட்களிலேயே இந்தப் பள்ளத்துக்குள் இறக்கிவிட்டார்கள். இங்கே சுக்கியாகோ என்ற அய்மாரா ஊர் ஏற்கெனவே இருந்தது, ஆற்றில் தங்கமும் கிடைத்தது, 1545-ல் கண்டுபிடித்த பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்துக்கும் பெருவின் லிமாவுக்கும் நடுவில் தங்கிப் போக இடமும் தேவைப்பட்டது. லா பாஸ் என்றால் அமைதி. அப்படிப் பெயர் வைத்தது எந்த அமைதியை நினைத்து? ஸ்பானியர்கள் தங்களுக்குள்ளேயே போட்டுக்கொண்ட சண்டை அந்த ஆண்டில் முடிந்தது, கொன்சாலோ பிசாரோவின் கலகத்தை அரசரின் ஆள் பெத்ரோ டி லா காஸ்கா அடக்கினார், அந்த அமைதிக்காகத்தான் ‘அமைதியின் அன்னை’ என்று பெயர். அய்மாரா மக்களோடு செய்துகொண்ட அமைதி இல்லை அது.

சோக்கேயாப்பு ஆற்றுக்குக் கிழக்கே ஸ்பானியர்கள் சதுரம் சதுரமாகத் தெரு போட்டார்கள், மேற்கே இந்தியர்கள் இருக்க வேண்டும் என்று ஒதுக்கினார்கள். ஆறு இன்று கண்ணில் படாது, ப்ராடோ சாலைக்கு அடியில் மூடிய கால்வாயில் ஓடுகிறது. சாலை நெளிந்து நெளிந்து போவதே ஆற்றின் வளைவால்தான். எல்லைக்கோட்டின் மேல்தான் முதல் நாள் நெரிசலில் உட்கார்ந்திருந்தோம், ஒருவரும் சொல்லவில்லை! மேற்கே சான் ஃபிரான்சிஸ்கோ தேவாலயத்தின் முகப்பைக் கட்டாயம் பாருங்கள், உள்ளூர்க் கல்தச்சர்கள் ஸ்பானிய பரோக் வேலைப்பாட்டுக்கு நடுவே தங்கள் ஊர்ப் பழங்கள், பறவைகள், முகமூடிகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

கிழக்கே முரியோ சதுக்கம். 1809 ஜூலை 16 அன்று இங்கே புரட்சிக் கொடி ஏற்றிய பெத்ரோ தொமிங்கோ முரியோவை அடுத்த ஜனவரி 29 அன்று தூக்கில் போட்டார்கள். 1946 ஜூலையில் ஜனாதிபதி வியாரோயெலைக் கூட்டம் மாளிகைக்குள் புகுந்து கொன்று இதே சதுக்கத்தின் விளக்குக் கம்பத்தில் தொங்கவிட்டது. நாடாளுமன்றக் கட்டடத்தின் கடிகாரத்தை 2014-ல் எதிர்த்திசையில் ஓடும்படி மாற்றியிருக்கிறார்கள், தெற்குக் கோளத்தில் சூரியக் கடிகாரத்தின் நிழல் அப்படித்தான் நகரும் என்பதற்காக. நாடாளுமன்றம் இங்கே இருந்தாலும் அரசியல் சட்டப்படி தலைநகரம் சுக்ரேதான். சுக்ரேயின் வெள்ளிப் பணம் வற்றி, லா பாஸ் பக்கம் வெள்ளீயச் சுரங்கப் பணம் கொழித்த காலத்தில் 1898-99 உள்நாட்டுப் போர் நடந்தது, ஆட்சி இங்கே மாறியது. அந்தப் போரை லா பாஸ் ஜெயித்தது பாப்லோ சாராத்தே வில்க்கா தலைமையில் வந்த அய்மாராப் படையின் பலத்தால். ஜெயித்த கையோடு அவரையே சிறையில் போட்டார்கள். மறுபடியும் மேலும் கீழும்தான்.

சேவைக்கு வருகிறேன். எல்லா இடத்துக்கும் இது போகாது, பழைய நகரத்தின் சந்துகளுக்கு மினிபஸ்ஸும் காலும்தான். தடம் மாறும்போதெல்லாம் தனியாகக் கட்டணம் என்பதால் தினமும் மூன்று தடம் மாறிப் போகும் உள்ளூர்க்காரருக்கு மினிபஸ்ஸைவிடச் செலவு கூடுதல்தான், இதை நாம் நம் கணக்கில் மலிவு என்று சொல்லி மறந்துவிடக் கூடாது. மின்னலோ பலத்த காற்றோ வந்தால் நிறுத்திவைப்பார்கள், கேபிள் காரில் எங்கேயும் அப்படித்தான், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழைக்காலம், அப்போது பிற்பகலில் விமானத்துக்குப் போகிறவர்கள் இதை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம். உயரம் பார்த்தால் பயம் என்பவர்கள் ஆரஞ்சில் பழகிவிட்டு மஞ்சளுக்கு வாருங்கள். வந்து இறங்கிய அன்றே 4,100 மீட்டருக்கு ஏறாதீர்கள், ஒரு நாள் விடுங்கள்.

பெட்டியில் இருந்து பனிமலையைப் படம் எடுக்கும்போது இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். எல் ஆல்டோவுக்கு வடக்கே சக்கால்த்தாயா மலையில் 5,300 மீட்டருக்குமேல் உலகின் மிக உயரமான பனிச்சறுக்கு இடம் இருந்தது, அந்தப் பனியாறு 2009-ல் முழுசாகக் கரைந்து போனது. 2016 நவம்பரில் நீர்த்தேக்கங்கள் வற்றி லா பாஸின் ஏராளமான குடியிருப்புகளுக்குத் தண்ணீர் முறைவைத்துத்தான் வந்தது. அந்த முறை தட்டுப்பாடு அதிகம் தாக்கியது பச்சைத் தடம் போகும் வசதியான தெற்குப் பகுதி உட்பட கீழ்ப்பகுதியை.

கடைசியாக நேரம். ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் மாலையில் போங்கள், சூரியன் விழுவதற்கு அரை மணி முன்னால் கானா பாட்டாவில் மஞ்சளில் ஏறுங்கள், இறங்கும் திசையைப் பார்க்கும் பக்கம் உட்காருங்கள். சூரியன் எல் ஆல்டோ விளிம்புக்குப் பின்னால் விழுவதால் பள்ளம்தான் முதலில் இருட்டும். கீழே தெருவிளக்கு ஒவ்வொன்றாக எரிய ஆரம்பிக்கும்போது இல்லிமானி மட்டும் இன்னும் வெயிலில், முதலில் மஞ்சளாக, அப்புறம் ரோஜா நிறத்தில் இருக்கும். எங்கள் பெட்டியில் அன்று பள்ளிச் சீருடையில் இரண்டு பிள்ளைகள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தார்கள். சோபகாச்சி நிலையத்தில் கதவு திறந்ததும் பெரியவள் விழித்து, தம்பியைத் தட்டி எழுப்பி, எங்களைப் பார்த்து ‘புவேனாஸ் நோச்சேஸ்’ சொல்லிவிட்டு இறங்கினாள்.